துணைவினை அறிவோம்: ஆங்கில இலக்கணத்திற்குத் தமிழ் காட்டும் வழி

முன்னுரை

தொடருக்கு உயிர்நாடியாய் அமைவது வினைச்சொல். எழுவாய் மறைந்து நிற்பினும் வினை நிற்குமாயின் தொடர் நிற்கும். அவ்வினைக்குத் துணையாய் நின்று காலம், இயலுமை, இசைவு, கடமை, பணிவு முதலான நுண்பொருள்களைப் புலப்படுத்துவன துணைவினைகள். ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் பெரிதும் இடர்ப்படுவது இத்துணைவினைகளிலேயே ஆகும். அருஞ்சொற்களுக்கு அகராதி பார்த்துப் பொருள் அறிந்துகொள்ளும் மாணவர், ‘இஸ்’, ‘டிட்’, ‘ஹேவ்’ போன்ற சின்னஞ்சிறு சொற்களில் தடுமாறிப் பேச வாயெடுத்தும் பேசாது நின்றுவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன், இளங்கலை மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்தபின் என்னைக் காண வந்தார். வேலைக்கான நேர்காணல் ஒன்றில், தாம் முன்னறிவித்த நாளில் வர இயலாமற்போனதைச் சொல்ல விழைந்து, ‘ஐ டிட் நாட் கேம்’ என்றாராம். எதிரிலிருந்தோர் நகைத்தனராம். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை. “ஐயா, பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தேன். இந்தச் சிறுசொற்கள் எனக்கு வசப்படவில்லை. தமிழில் இந்தத் தொல்லை இல்லையே” என்று வருந்தினார்.

தமிழில் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆயின், துணைவினை இல்லை என்பது உண்மையன்று. பிறந்தது முதல் பேசிப் பழகியதால் நம் துணைவினைகள் நம் கண்ணில் படுவதில்லை. தமிழ்த்துறை மலரில் ஆங்கில இலக்கணம் எதற்கு என வினவுவோர்க்கு இதுவே விடை. தம் மொழியின் துணைவினையை உணர்ந்தவர்க்கு ஆங்கிலத் துணைவினை அயலாகத் தோன்றாது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துணைவினை என்பது யாது?

‘அவன் வீட்டில் இருக்கிறான்’ என்னும் தொடரில் ‘இரு’ என்பது தனக்குரிய பொருளைத் தந்து முதல்வினையாய் நிற்கிறது. ‘அவன் வந்திருக்கிறான்’ என்னும் தொடரிலோ, ‘வா’ என்பதே முதல்வினை. ‘இரு’ தன் சொந்தப் பொருளை விட்டு, வருகை முடிந்து அதன் பயன் நிலைத்துள்ளது என்னும் கருத்தைச் சேர்க்கிறது. ‘படத்தைப் பார்த்தான்’ என்பதில் முதல்வினையாகிய ‘பார்’, ‘எழுதிப் பார்த்தான்’ என்பதில் முயற்சியை உணர்த்தும் துணைவினையாகிறது. விடு, கொள், போடு, வை, வேண்டும், முடியும், கூடும் முதலியனவும் இத்தகையனவே.

தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் துணைவினைக்கெனத் தனி இயல் இல்லை. எனினும், தாமாகத் தனித்து நடக்கும் ஆற்றலின்றிப் பெயரையும் வினையையும் சார்ந்து பொருள் தருவது இடைச்சொல் எனத் தொல்காப்பியர் வகுத்த கருத்து ஈண்டு நினையத்தக்கது. துணைவினையும் அவ்வாறே பிறிதொரு வினையைச் சார்ந்து பொருள் தருவதாகும்.

ஆங்கிலத்தில் துணைவினைகளை இரு பிரிவினவாகக் கொள்வர். ‘பீ’, ‘ஹேவ்’, ‘டூ’ ஆகிய மூன்றும், அவற்றின் திரிபுகளாகிய ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’, ‘வேர்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’, ‘டஸ்’, ‘டிட்’ முதலியனவும் முதன்மைத் துணைவினைகள். இவை தமிழின் ‘இரு’ போல முதல்வினையாகவும் வரும். ‘கேன்’, ‘குட்’, ‘மே’, ‘மைட்’, ‘ஷல்’, ‘ஷுட்’, ‘வில்’, ‘வுட்’, ‘மஸ்ட்’ என்னும் ஒன்பதும் பேசுவோர் மனப்பாங்கை உணர்த்துவன. இவற்றைப் பாங்குத் துணைவினைகள் எனலாம். இவை இடத்திற்கும் எண்ணிற்கும் ஏற்பத் திரிவதில்லை. ‘ஹி கேன்ஸ்’ என்னும் வடிவம் இல்லாமை இதனாலேயே ஆகும்.

கண்ணாடியில் தோன்றும் உருவம்

இரு மொழிகளுக்கும் உள்ள தலையாய வேறுபாடு இடத்தைப் பற்றியது. தமிழில் துணைவினை முதல்வினைக்குப் பின் வரும். ஆங்கிலத்தில் முன் வரும். ‘எழுத முடியும்’ என்பது ‘கேன் ரைட்’ எனவும், ‘எழுதப்பட்டிருக்கிறது’ என்பது ‘ஹேஸ் பீன் ரிட்டன்’ எனவும் அமைகின்றன.

இவ்வேறுபாடு ஒழுங்கற்றதன்று. ‘ஹி மஸ்ட் ஹேவ் பீன் ரைட்டிங்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். ‘அவன் எழுதிக்கொண்டிருந்திருக்க வேண்டும்’ என்பது அதன் தமிழ். ஆங்கிலத்தின் வரிசை ‘மஸ்ட்’, ‘ஹேவ்’, ‘பீன்’, ‘ரைட்டிங்’ என்பதாகும். தமிழின் வரிசை ‘எழுதி’, ‘கொண்டிருந்து’, ‘இருக்க’, ‘வேண்டும்’ என்பதாகும். ‘ரைட்டிங்’ என்பதற்கு ‘எழுதி’, ‘பீன்’ என்பதற்குக் ‘கொண்டிருந்து’, ‘ஹேவ்’ என்பதற்கு ‘இருக்க’, ‘மஸ்ட்’ என்பதற்கு ‘வேண்டும்’ என ஒவ்வொன்றும் ஒன்றற்கு ஒன்றாய்ப் பொருந்துகிறது. முகத்தைக் கண்ணாடியில் காண்பது போல, ஒன்றன் தலை மற்றொன்றன் கடையாய் மாறி நிற்கிறது.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. தமிழ்த் துணைவினை தனக்கு முன் நிற்கும் வினை இன்ன வாய்பாட்டில் வருதல் வேண்டும் எனக் கட்டளையிடுகிறது. ‘இரு’ என்பது ‘செய்து’ வாய்பாட்டு எச்சத்தைக் கேட்கும், எனவே ‘வந்திருக்கிறான்’. ‘வேண்டும்’ என்பது ‘செய’ வாய்பாட்டு எச்சத்தைக் கேட்கும். எனவே ‘வர வேண்டும்’. ‘வந்து வேண்டும்’ எனச் சிறு குழந்தையும் சொல்லாது. ஆங்கிலத் துணைவினை இதே கட்டளையைத் தனக்குப் பின் நிற்கும் வினைக்கு இடுகிறது. பாங்குத் துணைவினைக்குப் பின் திரிபற்ற பகுதி வரும். ‘ஹேவ்’ என்பதன் பின் ‘ரிட்டன்’ போன்ற எச்ச வடிவம் வரும். தொடர்நிகழ்வை உணர்த்தும் ‘பீ’ என்பதன் பின் ‘இங்’ ஈற்று வடிவம் வரும். செயப்பாட்டுவினையில் ‘பீ’ என்பதன் பின் மீண்டும் ‘ரிட்டன்’ போன்ற எச்ச வடிவம் வரும். இந்நான்கு விதிகளையும் மனத்திற் கொண்டால் ஆங்கில வினைத்தொடர் எதனையும் பிழையின்றி அமைக்கலாம்.

காலம் தங்கும் இடம்

‘எழுதிக்கொண்டிருக்கிறான்’ என்னும் சொல்லில் காலமும், திணை, பால், எண், இடம் ஆகியனவும் இறுதியில் நிற்கும் ‘இருக்கிறான்’ என்பதில் மட்டுமே உள்ளன. ‘எழுதினான் கொண்டான் இருக்கிறான்’ என்பார் இலர். ஆங்கிலத்தில் இப்பொறுப்பை முதலில் நிற்கும் துணைவினை ஏற்கிறது. ‘ஹி வாஸ் ரைட்டிங்’ என்பதில் காலம் ‘வாஸ்’ என்பதில் மட்டுமே உண்டு. தமிழில் கடைசி உறுப்புக் காலம் காட்டும். ஆங்கிலத்தில் முதல் உறுப்புக் காலம் காட்டும். எம்மொழியிலும் ஒருமுறை காட்டிய காலத்தை மறுமுறை காட்டுவதில்லை.

இனி அம்மாணவரின் தொடருக்கு வருவோம். ‘ஐ டிட் நாட் கேம்’ என்பதில் ‘டிட்’ என்பதே இறந்தகாலத்தை ஏற்றுக்கொண்டது. ‘கேம்’ என்பது அதனை மீண்டும் ஏற்கிறது. தமிழில் ‘வந்தேன்’ என்பதன் எதிர்மறை ‘வரவில்லை’ என்பதாகும். இங்கு ‘வந்து’ என்னும் இறந்தகால வடிவம் மறைந்து, காலம் காட்டாத ‘வர’ என்பது வந்துவிடுகிறது. ‘வந்தவில்லை’ என யாரும் சொல்வதில்லை. ‘வர’ என்பதற்கு நேராகக் ‘கம்’ என்பதையும், ‘இல்லை’ என்பதற்கு நேராக ‘டிட் நாட்’ என்பதையும் வைத்துப் பாருங்கள். ‘டிட் நாட் கம்’ என்பது தானே அமையும். இதனை எழுதிக் காட்டியபோது அம்மாணவர் சிறிது நேரம் தாளையே நோக்கியிருந்து, “இது எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது, ஐயா” என்றார்.

‘டூ’ என்னும் துணை

வினாவிலும் எதிர்மறையிலும் ‘டூ’ ஏன் வருகிறது என்பது மாணவர் பலர்க்கும் புதிராகவே உள்ளது. தமிழில் வினாவுக்கு ‘ஆ’ என்னும் இடைச்சொல்லே போதும். ‘வந்தான்’, ‘வந்தானா?’ என முடிந்துவிடுகிறது. ஆங்கிலம் வினாவை அமைக்கத் துணைவினையை எழுவாய்க்கு முன் நகர்த்துகிறது. ‘ஹி இஸ் கோயிங்’ என்பது ‘இஸ் ஹி கோயிங்?’ என்றாகும். துணைவினையே இல்லாத தொடரில் நகர்த்துவதற்கு ஒன்றுமில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பவே ‘டூ’ வருகிறது. எனவே, ‘ஹி கோஸ்’ என்பது ‘டஸ் ஹி கோ?’ என்றாகிறது. ‘கோஸ்’ என்பதன் ஈற்றைத் ‘டஸ்’ வாங்கிக்கொண்டமையும் நோக்கத்தக்கது.

இவ்வழக்கு ஆங்கிலத்தில் தொன்றுதொட்டு இருந்ததன்று. 16ஆம் நூற்றாண்டில் முதல்வினையையே எழுவாய்க்கு முன் வைத்து வினவும் பழைய முறையும், ‘டூ’ சேர்க்கும் புதிய முறையும் அருகருகே வழங்கின. ஷேக்ஸ்பியரின் (1564–1616) நாடகங்களில் இரண்டையும் காணலாம். இவ்வளர்ச்சியை ஆல்வார் எல்லெகார்ட் என்னும் சுவீடிய அறிஞர் 1953இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆங்கிலேயரே சில தலைமுறைகள் இரு முறைகளுக்கும் இடையே நின்று பயின்ற ஒன்றில், நம் மாணவர் சிறிது காலம் தடுமாறுவது நாணத்தக்கதன்று.

விடை கூறும் முறையிலும் வேறுபாடு உண்டு. ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என முதல்வினையைத் திருப்பிச் சொல்வது தமிழ் மரபு. ‘எஸ், ஐ டிட்’ எனத் துணைவினையை மட்டும் சொல்வது ஆங்கில மரபு. அவ்வாறே ‘அல்லவா?’ என்னும் ஒரே சொல்லால் நாம் எல்லாத் தொடரையும் உறுதிப்படுத்துவதால், ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்?’ என்கிறோம். ‘யூ கேன் சுவிம்’ என்றால் ‘கான்ட் யூ?’ என அத்தொடரின் துணைவினையையே திரும்பச் சொல்வது அம்மொழியின் முறைமை.

பாங்குத் துணைவினைகளின் பொருட்செறிவு

‘மே’ என்பது இசைவையும் உணர்த்தும், நிகழக்கூடியதையும் உணர்த்தும். ஒரு சொல்லுக்கு இருபொருளா என மாணவர் மயங்குவர். தமிழின் ‘-லாம்’ என்னும் ஈற்றைக் காண்க. ‘உள்ளே வரலாம்’ என்பது இசைவு. ‘நாளை மழை வரலாம்’ என்பது நிகழக்கூடியது. ‘மஸ்ட்’ என்பதும் ‘வேண்டும்’ என்பதும் இவ்வாறே ஒத்து நடக்கின்றன. ‘நீ போக வேண்டும்’ என்பது கடமை. ‘அவன் இந்நேரம் ஊர் சேர்ந்திருக்க வேண்டும்’ என்பது உய்த்துணர்வு.

சொற்பிறப்பிலும் ஓர் ஒப்புமை காணலாம். எதிர்காலம் உணர்த்தும் ‘வில்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘விரும்பு’ என்னும் பொருளுடைய முதல்வினையாய் இருந்தது. ‘கேன்’ என்பது ‘அறி’ என்னும் பொருளிலும், ‘ஷல்’ என்பது ‘கடன்பட்டிரு’ என்னும் பொருளிலும் வழங்கின. தமிழின் ‘வேண்டும்’ என்பதும் விருப்பத்தை உணர்த்தும் ‘வேண்டு’ என்னும் வினையடியாகப் பிறந்ததே. முதல்வினையாய் இருந்தது பொருள் தேய்ந்து துணைவினையாதல் இரு மொழிக்கும் பொதுவான வரலாறாகும்.

எதிர்மறையில் மட்டும் விழிப்பு வேண்டும். ‘வர வேண்டும்’ என்பதற்குத் தமிழில் இரு மறுப்புகள் உள. ‘வரக் கூடாது’ என்பது தடை. ‘வர வேண்டியதில்லை’ என்பது கட்டாயமின்மை. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘மஸ்ட் நாட்’ என்பதும், பின்னதற்கு ‘நீட் நாட்’ என்பதும் உரியன. முதுமையால் தளர்ந்த பெரியவர் ஒருவர்க்குத் ‘தாங்கள் இவ்வளவு தொலைவு வர வேண்டியதில்லை’ என அன்புடன் எழுத எண்ணி, ‘யூ மஸ்ட் நாட் கம்’ என எழுதினால், ‘நீர் வரக் கூடாது’ என வாயிலை அடைத்ததாகிவிடும்.

பணிவும் துணைவினையும்

ஆங்கிலத்தில் மரியாதை இல்லை எனப் பெரியோர் சிலர் கூறுவர். ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடின்றி ‘யூ’ என்னும் ஒரு சொல்லே எல்லார்க்கும் வழங்குவதால் அவ்வாறு தோன்றுகிறது. தமிழ் பணிவை முன்னிலைப் பெயரிலும் வினைமுற்றின் ஈற்றிலும் வைத்துள்ளது. ஆங்கிலம் அதனைத் துணைவினையிலும் வைத்துள்ளது. ‘கேன் யூ’ என்பதினும் ‘குட் யூ’ என்பதும், ‘வில் யூ’ என்பதினும் ‘வுட் யூ’ என்பதும் பணிவுடையன. வடிவத்தால் இறந்தகாலமாயினும், அங்கு அவை காலம் குறித்தன அல்ல. கேட்பதைச் சற்றே விலக்கி நிறுத்தி, மறுப்பதற்கும் இடம் தந்து கேட்கும் பண்பைக் குறித்தன. விண்ணப்பம் எழுதும் மாணவர் இதனை அறிந்திருத்தல் நலம்.

சட்டத்தில் ஒரு சிறுசொல்

துணைவினை தேர்வுத்தாளோடு முடிவதன்று. சட்ட ஆவணங்களில் ‘ஷல்’ என்பது பொதுவாகக் கட்டாயத்தையும், ‘மே’ என்பது விருப்புரிமையையும் குறிக்கும். சட்டத் தமிழில் இவற்றைச் ‘செய்தல் வேண்டும்’ எனவும் ‘செய்யலாம்’ எனவும் வேறுபடுத்துவர். சூழல் நோக்கி நீதிமன்றங்கள் இவற்றை மாற்றிப் பொருள் கொண்டதும் உண்டு. ஒரு துணைவினைக்காக வழக்காடுதல் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

இந்திய அரசியலமைப்பின் 30(1) ஆம் உறுப்பு, மதத்தையோ மொழியையோ அடிப்படையாகக் கொண்ட சிறுபான்மையினர் அனைவர்க்கும் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிருவகிக்கவும் உரிமை அளிக்கிறது. அங்கு ஆளப்பட்டுள்ள துணைவினை ‘ஷல்’ என்பதேயன்றி ‘மே’ என்பதன்று. ‘உரிமை இருக்கலாம்’ என்பதற்கும் ‘உரிமை உண்டு’ என்பதற்கும் உள்ள தொலைவு எத்துணை என்பதை, இத்தகைய கல்லூரிகளில் பயின்றோர்க்கும் அவற்றைப் பேணி வளர்த்தோர்க்கும் விளக்க வேண்டுவதில்லை.

மற்றொரு சான்றும் காணலாம். அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தபோது, 45ஆம் உறுப்பு பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் அனைவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுகளுக்குள் அரசு ‘முயலுதல் வேண்டும்’ என்றது. அங்கு ‘ஷல்’ சார்ந்திருந்தது ‘முயல்’ என்னும் வினையை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தால் வந்து, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறையான 21அ உறுப்பு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அக்கல்வியை அரசு ‘அளித்தல் வேண்டும்’ என்கிறது. இங்கு ‘ஷல்’ சார்ந்திருப்பது ‘அளி’ என்னும் வினையை. முயற்சியாய் இருந்தது கடமையாயிற்று; வழிகாட்டு நெறியாய் இருந்தது அடிப்படை உரிமையாயிற்று. அக்கல்வியை அளிக்கும் முறையை அரசு சட்டத்தால் முடிவு செய்வது பற்றிக் கூறுமிடத்து, அதே தொடரில் ‘மே’ வருகிறது. அளிப்பது கட்டாயம், முறையைத் தெரிவது அரசின் விருப்புரிமை. துணைவினையை அறியாதார் இத்தொடரைப் படித்தும் தம் உரிமை எதுவென அறியார்.

தமிழ் உதவும் இடமும் உதவாத இடமும்

‘ஐ ஆம் நோயிங்’ எனச் சிலர் எழுதுகின்றனர். ‘எனக்குத் தெரியும்’ என்னும் இடத்தில் ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என நாம் சொல்வதில்லை என்பதை நினைந்தால் இப்பிழை நீங்கும். ‘ஹி மஸ்ட் டு கோ’ என்பதும் பிழை. ‘மஸ்ட்’ என்பதற்கும் வினைக்கும் இடையே ‘டு’ வருதல் இல்லை.

எல்லா இடத்தும் தமிழ் வழிகாட்டும் எனக் கொள்ளுதலும் தவறு. ‘நேற்றே வந்திருக்கிறான்’ என்பது தமிழில் வழுவற்றது. ‘ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே’ என்பது ஆங்கிலத்தில் வழு. நிகழ்ந்த நாளைக் குறிப்பிடின் ‘ஹி கேம் எஸ்டர்டே’ என்றே கூறுதல் வேண்டும். ‘மூன்று ஆண்டுகளாக இங்கே படிக்கிறேன்’ என நிகழ்காலத்தில் நாம் சொல்வதை, ‘ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என அவர்கள் சொல்வர். ஒத்த இடங்களைத் தமிழால் அறிந்து, ஒவ்வாத இடங்களைத் தனியே குறித்துக்கொண்டு பயிலுதல் வேண்டும்.

மாணவர்க்கு எளிய பயிற்சி ஒன்று கூறலாம். நாள்தோறும் ஐந்து தமிழ் வினைத்தொடர்களை எழுதி, துணைவினைகளைப் பிரித்து, கடையிலிருந்து தலைநோக்கி ஆங்கிலத்தில் எழுதுக. ‘படித்திருக்கலாம்’ என்பதை ‘லாம்’, ‘இருக்க’, ‘படித்து’ எனப் பின்னிருந்து நோக்கினால் ‘மே ஹேவ் ஸ்டடீட்’ என்பது தானே வரும்.

முடிவுரை

ஆங்கிலத் துணைவினை முன் நிற்கும். தமிழ்த் துணைவினை பின் நிற்கும். ஒருமுறையே காலம் காட்டுதலும், தான் சார்ந்த வினையின் வடிவத்தை வரையறுத்தலும் இரண்டுக்கும் பொது. நம் மாணவர் செய்யும் பிழைகள் பலவும் அறிவின்மையால் விளைந்தன அல்ல; தாய்மொழியின் பழக்கம் அயல்மொழியில் நுழைவதால் விளைவன. நுழைந்தது எதுவென அறிந்தால் அதனைத் திருத்துதல் எளிது. எனவே, ஆசிரியர் பிழையைக் கண்டு நகையாமல் அதன் பிறப்பிடத்தைக் காட்டுதல் வேண்டும். மாணவர் நாணி வாய்மூடாமல் பேசிப் பழகுதல் வேண்டும். தமிழ் இலக்கணத்தைத் தேர்வோடு மறந்துவிடாது போற்றுவோர்க்கு, அவ்விலக்கணமே ஆங்கிலத்திற்கும் நல்ல துணையாய் நிற்கும்.